நுண்ணுயிர் எதிர்ப்பிப் பரிந்துரைப் பயிற்சி: தமிழகத்தில் அதன் வரலாறு

நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளைப் பேச்சுவழக்கில் ஆண்டிபயாட்டிக் என்கிறோம். அவற்றை எந்த நோய்க்கு எழுத வேண்டும், எதற்கு எழுதக் கூடாது, எந்த மருந்து, எந்த அளவு, எத்தனை நாள் என்பவற்றை மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் செவிலியர்களுக்கும் முறையாகக் கற்பிப்பதற்கான வரையறைகளே பரிந்துரைப் பயிற்சித் தரங்கள் எனப்படுகின்றன. பெனிசிலின் 1940களில் புழக்கத்துக்கு வந்தது. பொறுப்பாக எழுதுவது ஒரு தனித் திறன் என்று பெயர் சொல்லி இந்திய இளநிலை மருத்துவப் பாடத்திட்டம் சேர்த்துக்கொண்டது 2019-இல்தான். இடைப்பட்ட காலத்தில் சட்டம், தேசியக் கொள்கை, கடைப் பதிவேடு ஆகியவை முந்திக்கொண்டன. எழுதுகிறவரைப் பயிற்றுவிப்பது கடைசியில் வந்தது. இந்த வரிசை ஏன் இப்படி அமைந்தது என்பதைப் புரிந்துகொள்ளச் சென்னை, வேலூர் ஆகிய நகரங்களின் கதை உதவும். அதன் விளைவு திருப்பூர் வீரபாண்டி போன்ற தொழிற்பகுதிகளில் தெரிகிறது.

பழைய எச்சரிக்கையும் சேத்துப்பட்டு ஆய்வும்

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 டிசம்பரில் ஆற்றிய நோபல் உரையிலேயே ஆபத்தைச் சொல்லிவிட்டார். இந்த மருந்து கடையில் எவரும் வாங்கக்கூடியதாக மாறும் காலம் வரலாம். அறியாதவர் குறைந்த அளவில் உட்கொண்டால் கிருமிகள் சாகாமல் மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

தமிழகத்தில் இந்த எச்சரிக்கையைச் சோதித்துப் பார்த்த இடம் சென்னை சேத்துப்பட்டு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து அங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகள் தரப்பட்டன. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். 1959-இல் வெளியான இந்த முடிவு, காசநோய்க்குச் சானடோரியம் கட்டாயம் என்ற உலகளாவிய நம்பிக்கையை ஆட்டிவைத்தது.

அதிகம் பேசப்படாத இன்னொரு பாடமும் இந்த மையத்திலிருந்து வந்தது. ஐசோனியாசிட் என்ற மருந்தைத் தனியாகக் கொடுத்தவர்களைவிட, அதனுடன் பாஸ் என்னும் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் நன்றாகத் தேறினர். தனி மருந்து பெற்றவர்களில் பலருக்குக் கிருமி மருந்தை எதிர்க்கத் தொடங்கியிருந்தது. மாத்திரைகளை நோயாளி உண்மையிலேயே விழுங்குகிறாரா என்பதை அறிய வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பது, சேர்ப்பது, முடியும்வரை தொடரச் செய்வது எல்லாமே சிகிச்சையின் பகுதி என்பது அங்கே நிறுவப்பட்டது.

காசநோய்க்கு இவ்வளவு ஒழுங்கு வாய்த்தது. சளி, தொண்டை வலி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு எழுதப்படும் மருந்துகளுக்கு அது வாய்க்கவில்லை. காசநோய்க்கு அரசுத் திட்டமும் அட்டையும் மேற்பார்வையாளரும் உண்டு. காய்ச்சலுக்கு யாரும் இல்லை. மருத்துவ மாணவர் இரண்டாம் கட்டப் படிப்பில் மருந்தியல் பாடமாக இந்த மருந்துகளின் வகை, வேலை செய்யும் விதம், பக்கவிளைவு ஆகியவற்றைப் படித்துத் தேர்வு எழுதினார். நோயாளி முன் உட்கார்ந்து சீட்டு எழுதும் பழக்கம் பல ஆண்டுகள் கழித்து, வார்டில் மூத்தவர் எழுதுவதைப் பார்த்து வந்தது. தொழிலுக்கு வந்தபின் மருந்து நிறுவனப் பிரதிநிதி கொண்டுவரும் வண்ண அட்டை மீதியைக் கற்பித்தது. இந்த ஏற்பாட்டில் யாரையும் குறிப்பிட்டுக் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுதும் கலைக்குத் தேர்வு என்று ஒன்று இல்லாமலே தலைமுறைகள் வெளிவந்தன.

வேலூரின் கணக்கு

எவ்வளவு எழுதப்படுகிறது என்று தெரியாமல் எதையும் திருத்த முடியாது. 2000களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் ஐந்து முன்னோடி ஆய்வுகள் நடந்தன. தென்னாப்பிரிக்காவில் பிரிட்ஸ், டர்பன். இந்தியாவில் டெல்லி, மும்பை, வேலூர். வேலூர் ஆய்வைக் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருந்தியலாளர் சுஜித் சாண்டி முன்னின்று நடத்தினார். 2003 முதல் 2005 வரை மருத்துவமனைகளிலும் மருந்துக் கடைகளிலும், நகரத்திலும் கிராமத்திலும், வருகிறவர்கள் என்ன மருந்தோடு போகிறார்கள் என்று மாதாமாதம் கவனித்துக் குறித்தனர். கவனிக்கப்பட்ட 52,000-க்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினர் நுண்ணுயிர் எதிர்ப்பியுடன் திரும்பினர். அவற்றில் மூச்சுத்தொகுதி நோய்களுக்காகத் தரப்பட்டவையே பெரும்பங்கு. அத்தகைய நோய்களில் பெரும்பாலானவை வைரசால் வருபவை. வைரசுக்கு இந்த மருந்துகள் எதுவும் செய்யா.

இதே குழு மருத்துவர்கள், மருந்துக் கடைக்காரர்கள், பொதுமக்கள் ஆகியோரிடம் பேசியும் பார்த்தது. காரணங்கள் எளியவை. பரிசோதனைக்கு வசதியில்லை, நோய் இன்னதென்று உறுதியில்லை, கொடுக்காவிட்டால் நோயாளி வேறு மருத்துவரிடம் போய்விடுவார், அவருக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். அறியாமை மட்டும் காரணம் என்றால் ஒரு நாள் வகுப்பு போதும். தயக்கமும் போட்டியும் அவசரமும் சேரும்போது, மருந்தின் பெயரைச் சொல்லித்தரும் வகுப்பு போதாது. மருந்து வேண்டாம் என்பதை நோயாளிக்கு எப்படிச் சொல்வது என்பதையும் கற்பிக்க வேண்டியிருக்கிறது. பிற்காலத் தரங்கள் உரையாடல் திறனுக்கு இடம் கொடுத்ததன் தேவையை வேலூரின் இந்தப் பதில்களிலேயே காணலாம்.

2010: பெயரால் வந்த சண்டை

2008-இல் டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம், கார்பாபெனம் என்னும் கடைசி வரிசை மருந்துகளையே சிதைக்கும் ஒரு நொதி கண்டறியப்பட்டது. அதற்கு நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்-1, சுருக்கமாக என்டிஎம்-1, என்று பெயரிட்டனர். 2010 ஆகஸ்ட் மாதம் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரை இதைப் பெரும் செய்தியாக்கியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என இந்த நொதியுடைய கிருமி மாதிரிகள் அதில் பட்டியலிடப்பட்டன.

தலைநகரின் பெயரை ஒரு நொதிக்கு வைத்ததை மத்திய அரசு கடுமையாக எதிர்த்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்ற பேச்சும் எழுந்தது. பெயரைப் பற்றி நாடு வாதிட்ட அளவுக்கு, சென்னையில் 44 மாதிரிகள் ஏன் என்று வாதிடவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர் சென்னையில் பணியாற்றிய தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். லான்செட் கட்டுரைக்குச் சில மாதங்கள் முன்பே, 2010 மார்ச்சில், இந்திய மருத்துவர் சங்க இதழ் ஒன்றில் இம்மருந்துகளுக்கு இரங்கற்குறிப்பு போன்ற ஒரு தலையங்கத்தை அவர் எழுதியிருந்தார்.

2011-இல் மத்திய அரசு மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் தேசியக் கொள்கையை வெளியிட்டது. அதையொட்டி வரைவாக வந்த கடுமையான விற்பனைக் கட்டுப்பாடு எதிர்ப்பினால் நின்றுபோனது.

சென்னைப் பிரகடனம்

2012 ஆகஸ்ட் 24 அன்று சென்னையில் இந்திய மருத்துவச் சங்கங்களின் கூட்டுக் கூட்டம் ஒன்று நடந்தது. தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டோடு சேர்த்து ஏற்பாடு செய்யப்பட்ட இதை ஒருங்கிணைத்தவர் அப்துல் கஃபூர். பல துறைச் சங்கங்களின் பிரதிநிதிகளோடு அரசு, உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் தரப்பினரும் பங்கேற்றனர். அங்கே உருவான ஆவணமே சென்னைப் பிரகடனம்.

அதன் சிறப்பு அதன் அடக்கம். குறையற்ற கொள்கை ஒன்றைத் தேடிக் காலத்தைக் கழிப்பதைவிட, நடைமுறைப்படுத்தக்கூடிய ஒன்று போதும் என்று அது வெளிப்படையாகவே சொன்னது. மருந்துச் சீட்டு இல்லாமல் எந்த நுண்ணுயிர் எதிர்ப்பியையும் விற்கக் கூடாது என்று ஒரே நாளில் தடை போட்டால், மருத்துவரே இல்லாத ஊர்களில் நிமோனியா கண்ட குழந்தைக்கு மருந்தே கிடைக்காமல் போகும். ஆகவே முதலில் உயர்வரிசை மருந்துகளுக்கு மட்டும் கட்டுப்பாடு, பிறகு படிப்படியாக மற்றவற்றுக்கு என்பது அதன் வழி. மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு, ஆய்வகங்களின் தரம், கண்காணிப்பு வலையமைப்பு ஆகியவற்றையும் அது கேட்டது.

இக்கட்டுரையின் பொருளுக்கு முக்கியமானது இன்னொரு கோரிக்கை. இளநிலை, முதுநிலை மருத்துவப் பாடத்திட்டங்களில் நுண்ணுயிர் எதிர்ப்பிப் பயன்பாட்டையும் தொற்றுக் கட்டுப்பாட்டையும் முறையான பயிற்சியாகச் சேர்க்க வேண்டும் என்று அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சிலை அது வலியுறுத்தியது. மருத்துவர்களே கூடி, எங்களுக்கு இதைச் சரியாகக் கற்பிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டது போன்ற கோரிக்கை இது. ஒரு தொழிலின் சங்கங்கள் வழக்கமாக இப்படிப் பேசுவதில்லை. 2014-இல் இதற்கு ஐந்தாண்டுத் திட்டமும் வெளியிடப்பட்டது.

பிரகடனத்தின் எந்தப் பகுதி முதலில் நிறைவேறியது என்பது கவனிக்கத்தக்கது. 2013 ஆகஸ்ட் 30 அன்று அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணை எச்1, 46 மருந்துகளுக்குத் தனி விதி வகுத்தது. கார்பாபெனங்கள், செபிக்சைம் போன்ற மூன்றாம் தலைமுறை செபலோஸ்போரின்கள், காசநோய் மருந்துகள் ஆகியவை அதில் உண்டு. இவற்றை விற்கும் கடை தனிப் பதிவேடு வைத்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். உறையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட வேண்டும். பரவலாக விற்கும் அமாக்சிசிலின், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவை பழைய எச் அட்டவணையிலேயே தங்கிவிட்டன. ஆணை போட்டால் கடையில் மறுநாளே மாற்றத்தைக் காட்டலாம். பாடத்திட்டத்தை மாற்றினால் பலன் தெரியப் பத்தாண்டுகள் ஆகும். அரசுகள் முன்னதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

திறன் என்ற சொல் வந்த விதம்

பயிற்சியைத் தரப்படுத்தும் வேலையில் முன்னோடி இங்கிலாந்து. அங்கே 2013-இல் பொதுச் சுகாதாரத் துறை, நுண்ணுயிர் எதிர்ப்பி எழுதும் எவருக்கும் இருக்க வேண்டிய திறன்களை ஐந்து பகுதிகளாக வகுத்து வெளியிட்டது. மருத்துவர் மட்டுமல்லாமல் பல் மருத்துவர், மருந்தெழுத அனுமதி பெற்ற செவிலியர், மருந்தாளுநர் ஆகியோருக்கும் அது பொருந்தும். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் மருந்து எதிர்ப்புக் குறித்த கல்விக்கும் பயிற்சிக்கும் திறன் சட்டகம் ஒன்றை வெளியிட்டது. மறு ஆண்டில் பாடத்திட்ட வழிகாட்டியும் வந்தது. எதிர்ப்புணர்வு பற்றிய விழிப்பு, பொருத்தமான பயன்பாடு, தொற்றுத் தடுப்பு, ஆய்வகம் மற்றும் கண்காணிப்பு என்ற நான்கு தளங்களில் யாருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று அவை பிரித்துக் காட்டுகின்றன.

இந்தியாவில் 2017 ஏப்ரலில் வெளியான தேசியச் செயல்திட்டம் விழிப்புணர்வையும் கல்வியையும் பயிற்சியையும் தன் முதல் முன்னுரிமையாக வைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதே ஆண்டில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிட்டது. அடுத்து, மருத்துவக் கவுன்சிலின் திறன்சார் இளநிலைப் பாடத்திட்டம் 2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து தொடங்கியது. அதன் மருந்தியல் பகுதியில், நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் அறிவார்ந்த பயன்பாட்டையும் அதற்கான மேற்பார்வைத் திட்டத்தையும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது தனி எண்ணிட்ட திறனாக இடம்பெற்றுள்ளது. பொதுப்பெயரில், படிக்கும்படியான கையெழுத்தில் சரியான சீட்டு எழுதி அதை நோயாளிக்கு விளக்குவதும், பிறர் எழுதிய சீட்டைத் தணிக்கை செய்வதும் செய்முறைத் திறன்களாகச் சேர்ந்தன. 1997-இன் பழைய விதிகளின் கீழ்ப் படித்தவர்களுக்கு இவ்வளவு குறிப்பான எதிர்பார்ப்பு இருந்ததில்லை.

நடைமுறையில் இது என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் இம்மருந்துகளை மூன்று கூடைகளாகப் பிரிக்கிறது. முதல் கூடையில் எளிதாகக் கிடைக்க வேண்டியவை. அமாக்சிசிலின் இதில் அடங்கும். இரண்டாவதில் எச்சரிக்கையோடு எழுத வேண்டியவை. அசித்ரோமைசின் இங்கே இருக்கிறது. மூன்றாவதில் வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொட வேண்டியவை, கொலிஸ்டின் அவ்வகை. தொண்டை வலியோடு வரும் ஒருவருக்கு இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வைரசே காரணம். எந்தக் கூடையும் தேவையில்லை. இருமல் இல்லாமல் காய்ச்சலும், கழுத்தில் வலிக்கும் நெறிக்கட்டியும், தொண்டையில் வெண்படலமும் இருந்தால் பாக்டீரியா சந்தேகம் எழும். அப்போது முதல் கூடை போதும். மூன்று நாள் அசித்ரோமைசினை எழுதி அனுப்புவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மேலே சொன்னதைக் கேட்டு, தொண்டையைப் பார்த்து, விளக்கி அனுப்பச் சில நிமிடங்கள் கூடுதலாக வேண்டும்.

வீரபாண்டியில்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையை ஒட்டிய வீரபாண்டி, பனியன் தொழிலோடு வளர்ந்த பகுதி. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று ஷிப்ட் கணக்கில் வேலை செய்கிறவர்கள் நிறைந்த இத்தகைய இடங்களில்தான் மேற்சொன்ன சில நிமிடங்கள் கடினமானவை. ஷிப்டை விட்டால் கூலி போகும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தொழிலாளிக்கு மொழியும் தடை. தையல் ஊசி விரலில் ஏறினால், காய்ச்சல் வந்தால், வேலை முடிந்து இரவில் திறந்திருக்கும் மெடிக்கலுக்குப் போவதே கைக்கு எட்டிய வழி.

சட்டம் இங்கே அமைத்திருக்கும் படிக்கட்டு ஒழுங்கற்றது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் செவிலியர் உள்ள முதலுதவி அறை வேண்டியிருந்தது; அதற்குக் கீழே 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி போதுமானதாக இருந்தது. திருப்பூர் தொழிலின் பெரும்பகுதி சிறிய ஜாப்வொர்க் யூனிட்களில் நடக்கிறது. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் பதிவானவர்களுக்கு மருந்தகமும் மருத்துவரும் உண்டு. பீஸ் ரேட்டில் காண்ட்ராக்டர் மூலம் வேலை செய்யும் பலர் அதற்கு வெளியே நிற்கிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறொரு கட்டுப்பாடு தானாகவே செயல்படுகிறது. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளை வாங்கித் தருவதால், அங்குள்ள மருத்துவர் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்குள்தான் எழுத முடியும். பயிற்சி எட்டாத இடத்தில் பட்டியல் கொஞ்சம் காவல் காக்கிறது. தனியார் கிளினிக்குக்கும் மெடிக்கலுக்கும் அந்தக் காவல் கிடையாது.

2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூருடையதும் ஒன்று. ஆண்டுக்கு 100 இடங்கள். இங்கே படிப்பவர்கள் தொடக்கத்திலிருந்தே புதிய பாடத்திட்டத்தின் மாணவர்கள். அவர்களில் எத்தனை பேர் பனியன் கம்பெனித் தெருக்களில் கிளினிக் வைப்பார்கள் என்பது வேறு விஷயம். இப்போது அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் பழைய பாடத்திட்டத்தில் படித்தவர்கள். அவர்களுக்கான தொடர்கல்வியை 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் என்று வரையறுக்கின்றன. அந்த 30 மணி நேரத்தில் எத்தனை மணி நுண்ணுயிர் எதிர்ப்பிக்கு என்று அவ்விதி கூறவில்லை. இதய நோய் மாநாடுகளிலேயே அத்தனையையும் முடித்துவிடலாம். 2019-இல் செய்த திருத்தத்தின் பெரிய இடைவெளி இதுதான்: வரப்போகிறவர்களை அது தயார் செய்தது, இருக்கிறவர்களைத் தொடவில்லை.

இதைச் சுட்டுவது போல, 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களுக்கும் மருத்துவச் சங்கங்களுக்கும் கடிதம் எழுதினார். நுண்ணுயிர் எதிர்ப்பி எழுதும்போது எந்தக் காரணத்துக்காக என்பதையும் சீட்டில் கட்டாயம் குறிக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. மருந்தாளுநர்களுக்கும் தனியாக, சீட்டின்றி விற்க வேண்டாம் என்று நினைவூட்டல் சென்றது. காரணத்தை எழுத வேண்டும் என்றால் எழுதுகிறவர் ஒரு கணம் யோசித்தாக வேண்டும் என்ற அளவில் இது சிறிய பயிற்சியே. வீரபாண்டி மெடிக்கலில் இருக்க வேண்டிய எச்1 பதிவேட்டில் மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைக் குறிக்கச் சட்டம் சொல்கிறது. காரணத்துக்கு அதில் இடம் ஒதுக்கப்படவில்லை.